நீலக்கால் சேவலும் மார்ச் மாத வாடகையும்

எக்ஸ்பெதீத் வேலாயுதோம்.
கப்பல் எழுத்தர் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதியது,
வேலாயுதத்தின் வாலில் ஓர் ஓம் ஒட்டிக்கொண்டு
நாலு தலைமுறையாகச் சேந்த்-ரோஸ் மழையில் ஊறுகிறது.
என் கொல்லைக் கொட்டகைக்கு
மாதம் நூற்றெண்பது யூரோ தரவேண்டியவன்.
தருவதில்லை.

கதவைத் தட்டினால்
"மெதுவாக. அவர்கள் வேலையில் இருக்கிறார்கள்" என்பான்.
அவர்கள் என்றால் நாற்பத்திரண்டு நத்தைகள்.
மசி பூசிய துணிமேல்
தம் ஈரத்தை இழுத்துக்கொண்டு போகிறார்கள்,
கூலி கேட்காமல், திரும்பிப் பார்க்காமல்.
முட்டைக்கோஸ் மட்டும்
என் காசு.

போன வருடம் பச்சோந்தி.
இந்தத் தீவில் அதற்குத் தூங்குமூஞ்சி என்றே பெயர்.
ஜன்னல் முழுக்கச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி
ஒரு முருங்கைக் கிளையில் அதை உட்காரவைத்து
ஒன்பது நாள் காத்திருந்தான்,
மாதுளை நிறத்தில் ஒரு கனவு காணும் என்று.
பத்தாம் நாள் அது பச்சையாகவே இறங்கிப் போயிற்று.
அவன்தான் கண்ணெல்லாம் சிவந்திருந்தான்.
அந்த வெறுங்கிளையை
'வர மறுத்தவரின் உருவப்படம்' என்று பெயரிட்டு
சான்-தெனியில் காட்சிக்கு வைத்தான்.
யாரோ வாங்கவும் செய்தார்கள்.
பணம் வந்த வழியே போயிற்று:
பல்லிகளுக்கு ஒரு பழைய பியானோ.

ஆமாம், பல்லிகளுக்கு.
மூடியைத் திறந்து, உள்ளே விளக்கேற்றி,
பூச்சிக்குப் பாயும் பல்லி கம்பியில் இடறும் என்று
இரவெல்லாம் விழித்திருப்பான்.
எனக்கு ஒரு ஸ்வரமும் கேட்டதில்லை.
ஒரே ஒருமுறை, காய்ச்சலில்,
கேட்டமாதிரி இருந்தது.

இதையெல்லாம் பொறுத்தேன். சேவலைத்தான் பொறுக்கவில்லை.
முழங்கால் அறுவை நல்லபடி முடிந்தால்
காளிக்கு என்று நேர்ந்து வளர்த்தது.
மறு இல்லாதது. உடம்பெல்லாம் தணல்.
நான் சந்தைக்குப் போய் வரும் இடைவெளியில்
அதன் பாதங்களை நீலத்தில் தோய்த்துக்
கட்டில் விரிப்பில் நடக்கவிட்டிருந்தான்.
என் கட்டில் விரிப்பு.

சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய்.
விரிப்பு வெளுத்தது, கால் வெளுக்கவில்லை.

கோவிலில்
பூசாரி கத்தியைத் தாழ்த்திக் குனிந்து பார்த்தார்.
கூட்டமும் குனிந்தது.
"இது யாருடைய கால்?" என்றார்.
எனக்குப் பதில் தெரியவில்லை.
மேளக்காரர் ஓங்கிய குச்சியை
என்ன செய்வதென்று தெரியாமல் காதுக்குப் பின் செருகிக்கொண்டார்.
பூசணி வெட்டி முடித்தார்கள்.
சேவல் என் மடியில், பஸ்ஸில்,
டிக்கெட் எடுக்காமல் வீடு திரும்பியது.

அன்றிரவே கணக்கு நோட்டோடு போனேன்.
பதினோரு மாதப் பாக்கி.
"வெளியே போ" என்பதில் "வெளி" வரை சொல்லியிருப்பேன்,
மின்சாரம் போயிற்று.
இருட்டில் எதை மிதிப்பேனோ என்ற பயத்தில்
நோட்டை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

காலையில் அதன்மேல் மூன்று நத்தைகள்.
மார்ச்சைத் தின்றிருந்தார்கள்.
ஜூனில்
நூற்றைத் தின்று எண்பதை விட்டிருந்தார்கள்.
செப்டம்பர் நெடுக ஒரு வெள்ளிக்கோடு,
என் கையெழுத்தின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு
பக்கத்தின் விளிம்பில் இறங்கி, மேஜைக்குப் போய்,
அங்கேயும் நிற்கவில்லை.

வேலாயுதோம் நடுங்கினான்.
குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன்.
"இவர்கள் செய்ததிலேயே இதுதான் பெரிது" என்றான்.
"எனக்கு விற்றுவிடுங்கள்."
என்ன தருவாய் என்றேன்.
"பதினோரு மாத வாடகை."

இப்போது இருபத்திரண்டு மாதம் பாக்கி.
புது நோட்டு வாங்கி
அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.
சில இரவுகளில், ஏனென்று கேட்காதீர்கள்,
எடுத்துக் கீழ்த்தட்டில் வைக்கிறேன்.

மழைக்கு முன்னால் முழங்கால் இன்னும் வலிக்கிறது.
காளிக்கும் பாக்கி. அவளும் கேட்கவில்லை.
விடியலில் சேவல்
எரிமலை உறைந்த கரும்பாறையில் ஏறிக்
கடலைப் பார்த்துக் கூவுகிறது.
இறங்கும்போது நின்று
ஒருகணம்
பின்னால் திரும்பிப் பார்க்கிறது,
தடம் விழுந்திருக்கிறதா என்று.